ஆளில்லாத நிழல்

"நிழல் இருக்கு. ஆளைக் காணோம்," என்றாள் அக்கா, தங்கையின் மூக்குக்கு நேரே போனை நீட்டி.

அன்று காலை தங்கையின் கணவன் வெளியூரிலிருந்து அனுப்பியிருந்த படம். ஏதோ ஒரு நகரத்தின் மணிக்கூண்டு. பின்னால் செக்கச் சிவந்த வானம். முன்னால் துடைத்துவிட்ட மாதிரி வெறும் கல்தரை. அதன் இடது ஓரத்தில், யாருக்கும் சொந்தமில்லாமல் ஒரு நிழல் நீண்டு கிடந்தது.

ஊர் ஊராகப் போய்ப் பேர்போன கட்டடங்களைப் படம் எடுத்து காலண்டர் கம்பெனிகளுக்குக் கொடுப்பது அவன் தொழில். படத்தில் ஆள் இருக்கக் கூடாது. "போட்டிருக்கிற சட்டையே படத்தோட வயசைக் காட்டிக் கொடுத்துடும்" என்பான். எவ்வளவு கூட்டமானாலும் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து, லேப்டாப்பில் ஒவ்வொருவராக அழித்துவிடுவான்.

கல்யாணமான புதிதில் அவளும் கூடவே சுற்றினாள், பார்த்த ஊரெல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோகிற அளவுக்கு. குழந்தை பிறந்த பிறகு அவன் மட்டும். வேலை முடித்த படத்தை முதலில் அவளுக்குத்தான் அனுப்புவான். "ஏதாவது உறுத்துதா பாரு."

இதுவரை உறுத்தியதில்லை.

"கூட்டத்துல யாராச்சும் நின்னிருப்பாங்கக்கா."

அக்கா இரண்டு விரலால் நிழலைப் பெரிதாக்கினாள். பின்னல். இடுப்பில் ஊன்றிய ஒரு கை. முன்பக்கம் மேடாக...

"பை மாட்டியிருக்கா போல," என்றாள் தங்கை, அவசரமாக.

"ரெண்டு பெத்தவகிட்ட வந்து சொல்றியே. தொப்புளுக்கு நேரா எவடி பை மாட்டுவா?"

தங்கை மடியில் தூங்கும் குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

"உன் வீட்டுக்காரர் போய் எத்தனை நாளாச்சு?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

"வீடியோவுல முகத்தைக் காட்டினாரா?"

"சிக்னல் இல்லைங்கிறார்."

"மணிக்கூண்டு கட்டத் தெரிஞ்ச ஊருக்கு சிக்னல் கொடுக்கத் தெரியலையாக்கும்."

அதற்குமேல் தாங்காமல் தங்கை கணவனுக்குப் போன் போட்டாள்.

"அந்த நிழல் யாரோடது?"

"எந்த நிழல்?"

"உங்க கண்ணுல படவே இல்லையா?"

"இல்லம்மா. எங்க இருக்கு, இடது பக்கமா, வலது பக்கமா?"

இந்தப் பச்சைப்பிள்ளைப் பேச்சுதான் அவளை எரிய வைத்தது.

"மாசமா இருக்கிறவளை அழிக்கத் தெரிஞ்சவருக்கு, அவ நிழலை அழிக்கத் தெரியலையா?"

"அது... உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ நிஜம்தான்."

"நேர்ல வந்து சொல்றேன். இப்போ எதுவும் கேக்காத."

"வரவே வேண்டாம். பொய் சொல்ற அந்தக் கண்ணு ரெண்டும் அவிஞ்சு போகட்டும்."

அக்காவே ஒரு கணம் ஆடிப்போய், "ஏய்" என்று அவள் தோளைத் தொட்டாள்.

அவன் கோபப்படவில்லை. "பாப்பா பால் குடிச்சாளா?" என்று கேட்டான். அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் அவனுடைய ஸ்டூடியோ கூட்டாளியைப் பிடித்தாள்.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. அவர் பக்கத்துல இருக்கிற பொம்பளை யாரு?"

"பொம்பளையா? நர்ஸ் ஒருத்தி மருந்து போட வருவா. மத்தபடி..."

சொன்ன பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அவள் விடவில்லை.

"சத்தியம் வாங்கியிருக்கான்மா என்கிட்ட. அவன் எந்த ஊருக்கும் போகலை. நம்ம ஊர் கண் ஆஸ்பத்திரியிலதான் கிடக்கான். கண்ணுக்குள்ள விழித்திரை பிரிஞ்சுபோச்சாம். ஒரு கண்ணுல ஆபரேஷன் பண்ணியும் பார்வை திரும்பலை. இன்னொண்ணும் மங்கிட்டே வருது. அதுக்கு நாளைக்குப் பண்றாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"குழந்தை ரெண்டு தும்மல் போட்டாலே உனக்குச் சோறு இறங்காதாமே. 'எல்லாம் முடிஞ்சதும் நானே சொல்லிக்கிறேன், அதுவரைக்கும் ஊர் சுத்துறதாவே இருக்கட்டும்'னான்."

"அப்போ அந்தப் படமெல்லாம் எப்படி எடுத்தார்?"

"அது எனக்கும் தெரியலையேம்மா."

அக்காவும் ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே வந்தாள். வாசலிலேயே நின்றுகொண்டு, "நீ போ. எந்த முகத்தை வச்சுக்கிட்டு நான் வர்றது?" என்றாள்.

மாடியில், கடைசி அறை. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே நின்றாள். கட்டிலில் அவன் முதுகு தெரிந்தது. ஒரு கண்ணைச் சுற்றிக் கட்டு. மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்கு லேப்டாப்பை முகத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

மெல்ல ஓரடி உள்ளே வைத்தாள்.

காலடிச் சத்தம் கேட்டு, திரும்பாமலே லேப்டாப்பைப் பின்பக்கமாக நீட்டினான் அவன்.

"வார்டு பாய் அண்ணனா? வாங்க, ஒரு உதவி. இது என் பொண்டாட்டி மாசமா இருந்தப்போ அவளையும் கூட்டிட்டுப் போய் எடுத்த பழைய படம். வானத்தை மாத்திட்டேன், அவளையும் அழிச்சிட்டேன். நிழல் எங்கயாச்சும் விட்டுப்போயிருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. நேத்து அவளுக்கு அனுப்பினதுல ஒண்ணு என் கண்ணுக்குத் தெரியலை. பாவம், பயந்துபோயிட்டா."