சிரட்டைச் சாக்கு

பெரிய வெள்ளி என்பதால் திருகோணமலை உட்துறைமுகக் கரையில் வள்ளங்கள் எல்லாம் சும்மா கிடந்தன. வெளியே போயிருந்த டொமினிக் வேர்த்து விறுவிறுக்க வந்து, நேரே குசினிக்குள் நுழைந்தான்.

"செல்வம், இதில இருந்த சிரட்டைச் சாக்கு எங்க?"

மனைவி செல்வமலர் தயங்கினாள். கொடுத்ததை வெளியே சொன்னால் மோட்சத்தில் கைம்மாறு இல்லை என்று பங்குச் சுவாமி பிரசங்கம் வைத்திருந்தார். வலக்கை கொடுப்பது இடக்கைக்கும் தெரியக் கூடாதாம். டொமினிக்கின் இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை. நங்கூரக் கயிறு சுற்றி இழுத்ததில் போனவை என்று சொல்லியிருந்தான். அந்தக் கையால் இப்போது அடுப்பு மூலையைத் துழாவினான்.

"ஒரு சாக்குத் தேங்காய்ச் சிரட்டைக்கு ஏனப்பா இப்பிடிப் பதறுறீங்கள்?"

"நேவிக்காரர் வீடு வீடாப் பார்த்துக்கொண்டு வாறாங்கள். சாக்கு எங்கயடி?"

"கோயிலுக்குக் குடுத்திட்டன். ஏழையளுக்குக் கஞ்சி காய்ச்ச விறகு காணாதாம். ஆர் தந்ததெண்டு சொல்லாம, அடுப்படியில நிண்டு உதவியும் செய்திட்டு வா எண்டு மகளிட்டக் குடுத்து விட்டனான்."

டொமினிக் மனைவியின் தோளைப் பிடித்தான்.

"அவளுக்குப் போன் எடு. அடுப்படியை விட்டு வெளியில வரச்சொல்லு."

"இண்டைக்கு ஒறுத்தல் எண்டு போனை வீட்டில வைச்சிட்டுப் போட்டாள். ஏன், சாக்குக்குள்ள என்ன?"

"மீனுக்கு எறியிற டைனமைற். சிரட்டைக்கு அடியில ஒளிச்சு வைச்சனான்."

செல்வமலர் வாசலுக்கு ஓடினாள். கோயில் பக்கமிருந்து வந்த காற்றில் சிரட்டை எரியும் மணம் இருந்தது.