மங்கலான வட்டம்

செண்பகவல்லிக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான். இலக்கைப் பார்க்காதே, துப்பாக்கி நுனியில் நிற்கிற குறிமுள்ளை மட்டும் பார். நுனி துல்லியமாகத் தெரிய வேண்டும்; தூரத்துக் கறுப்பு வட்டம் மங்கலாகக் கிடந்தால் போதும். அப்படிப் பார்த்துப் பார்த்தே வெளிநாட்டுத் துப்பாக்கிசுடும் போட்டி மேடைகளில் ஏறிக் கழுத்து நிறையப் பதக்கம் வாங்கினாள். ஊர் முழுக்க அவள் படம் போட்டு பேனர் கட்டினார்கள். அரசாங்கம் பாராட்டு விழா எடுத்து, போலீசில் டி.எஸ்.பி. வேலையும் கொடுத்தது.

ஆலை வாசலில் கூட்டம் கல்லெறியத் தொடங்கிய அன்று எஸ்.பி. அவள் பக்கம் திரும்பினார். "முட்டிக்குக் கீழே ஒண்ணு போடும்மா. உன் கைதான் தப்பாதே."

கை தூக்கியதும் அது இத்தனை வருஷம் பழகிய நெஞ்சுயரத்துக்கே போய் நின்றது. நுனி அத்தனை துல்லியம். அதற்கு அப்பால் மங்கலாக ஏதோ ஒரு சட்டை.

மறுநாள் யாரும் சொல்லாமல் அவளே பிணவறைக்குப் போனாள். செத்தவனின் அம்மா அழவில்லை. சீருடையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எம்பிள்ள மூஞ்சியப் பாத்துத்தான தாயி சுட்ட?" என்று கேட்டாள்.

செண்பகவல்லி பிணத்தருகே போனாள். இப்போதாவது பார்த்துவிட வேண்டும் என்று குனிந்து துணியை விலக்கினாள். துணியைப் பிடித்திருந்த தன் விரல் நகம், அதன் ஓரத்து அழுக்கு வரைக்கும், துல்லியமாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் மங்கலாக ஒரு வட்டம் கிடந்தது.