கீழ் டிராயர்

"பத்து வாரமா ஃபிரிட்ஜ் கீழ் டிராயர்ல என்னத்த ஒளிச்சு வச்சிருக்கே?" என்றார் தனபாலன்.

"உங்க கை படக்கூடாதது," என்றாள் மனைவி கஸ்தூரி.

"தேக்கா மார்க்கெட் ஜிலேபிதானே? சுகர் எனக்குத்தான், நீ சாப்பிடு. நானே செடி போன துக்கத்துல இருக்கேன்."

பனிமலையில் ஒரு சாண் உயரமே வளரும் குட்டி வில்லோ செடி அது. ஏர்கான் போட்ட குளிர் அறையில் வைத்து ஓராண்டு வளர்த்தார். சிங்கப்பூர் வெயிலில், அதுவும் பொங்கோலில், பனிமலைச் செடியா என்று எதிர்வீட்டுக் கபிலன் சிரித்தான். ஒருநாள் மொத்த இலையும் கொட்டிவிட, அழாத குறையாகக் குப்பையில் போட்டார்.

கஸ்தூரி டிராயரை இழுத்தாள். உள்ளே அதே தொட்டி. குச்சியெல்லாம் வெள்ளிப் பஞ்சு போல மொட்டுகள்.

"குப்பையிலேர்ந்து எடுத்தேன். வருஷத்துல ரெண்டு மாசம் அது இலையைக் கொட்டிட்டுக் குளிர்ல தூங்கணுமாம்."

"உனக்கு யார் சொன்னா?"

"தொட்டியோட வந்த பேப்பர்ல இருக்கு லா. நீங்க எங்க படிச்சீங்க?"

தனபாலன் தொட்டியை இரு கையாலும் ஏந்திப் போய் எதிர்வீட்டு மணியை அழுத்தினார்.

கபிலன் வாயைப் பிளந்தான். "எப்படி அங்கிள்?"

"தொட்டியோட ஒரு பேப்பர் வரும் தம்பி," என்றார் தனபாலன். "அதைப் படிக்கணும்."