வெள்ளைப்பூ

"வெள்ளைப்பூ விழுந்துருச்சு முதலாளி" என்று மேஸ்திரி ராயப்பராஜ் வந்து சொன்னதும் சோலைமலை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணம் பேசுகிற வீட்டில் அது நல்ல வார்த்தை. சோலைமலையின் சுருட்டுக் கிட்டங்கியில் அப்படி இல்லை. அங்கே பூஞ்சணத்துக்குப் பெயர்தான் பூ. ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழை ஐந்து நாள் விடாமல் பெய்ததில், கிட்டங்கியில் அடுக்கிவைத்த சரக்கு பெட்டி பெட்டியாகப் பூத்திருந்தது.

ஈரத்துணியால் துடைத்தால் இரண்டே நாளில் மறுபடி பூக்கும். கடும் வெயிலில் போட்டால் மேல் இலை வெடிக்கும். ஒவ்வொரு சுருட்டாக உலர்ந்த துணியால் துடைத்து, இளவெயிலில் கொஞ்ச நேரம் காட்டி, அறையின் மூலைக்கு மூலை கரிச்சட்டி வைத்து ஈரத்தை இழுக்க வேண்டும். கரி இருந்தது. வெயிலைத்தான் காணோம்.

முந்தின நாள் சோலைமலைக்கு வேறொரு பூவும் விழுந்திருந்தது. அது சிவப்பு.

மகள் ஜக்கம்மாளுக்கு இருபத்து நான்கு வயது. மூன்று இடம் வந்து தட்டிப்போய், நான்காவதாகக் கீரனூர் பொன்னுத்துரையின் மகன் அமைந்திருந்தான். அவனை ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறாள். பிடித்திருக்கிறது என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

இரண்டு வீட்டாரும் அவரவர் குலசாமி கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பது என்று பேச்சு. வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டுப் பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். ஒரு பக்கம் சிவப்பு வந்தாலும் பேச்சு அத்தோடு முடிந்தது.

கீரனூரிலிருந்து முதலிலேயே கார்டு வந்துவிட்டது. தங்களுக்கு வெள்ளை விழுந்துவிட்டது, உங்கள் பதில் வேண்டும் என்று ஒரே வரி.

ஜக்கம்மாள் அழவில்லை. "சாமி பூவத்தான பாத்துச்சு, மாப்பிள்ளையப் பாத்துச்சா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் கிட்டங்கிக்கு வந்து, யாரும் சொல்லாமலே சுருட்டுத் துடைக்க உட்கார்ந்தாள்.

"நீ தொடைக்கிற வேகத்துல எல உரிஞ்சிரும் தாயி" என்றார் ராயப்பராஜ். கல்யாணப் பேச்சு எதுவும் அவருக்குத் தெரியாது. வீட்டு விஷயத்தைச் சோலைமலை கிட்டங்கிக்குக் கொண்டுவருவதில்லை.

மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கீரனூருக்கு இல்லை என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று நான்கு நாள் தள்ளினார்.

ஐந்தாம் நாள் காலையில் பொன்னுத்துரையே வந்து இறங்கினார். பின்னால் ஏழு பேர். தாம்பாளம், தேங்காய், நிலக்கோட்டை மல்லிகை, ஒரு கூடை ஆயக்குடிக் கொய்யா. இன்றைக்கே தட்டு மாற்றிப் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்ப வேண்டும் என்றார்.

சோலைமலைக்கு ஒன்றும் புரியவில்லை. ராயப்பராஜ்தான் அவரை ஓரமாக அழைத்துப் போனார். முந்தாநாள் பஸ் ஸ்டாண்டில் இந்த மனிதரைப் பார்த்தாராம். சோலைமலையின் ஆள்தானே, உங்கள் முதலாளிக்குப் பூ விழுந்ததா என்று அந்த மனிதர் கேட்டாராம். சரக்கைத்தான் விசாரிக்கிறார் என்று நினைத்து மேஸ்திரி உள்ளதைச் சொன்னாராம்.

"வெள்ளைதான், நல்லாவே விழுந்துருக்குன்னேன். ஒடனே காப்பி வாங்கிக் குடுக்குறாரு. நம்ம சரக்கு கெட்டதுல இந்தாளுக்கு இம்புட்டுச் சந்தோசமான்னு எனக்கு வெறுத்துப்போச்சு முதலாளி."

வீட்டில் அதற்குள் பாய் விரித்தாயிற்று. ஜக்கம்மாள் புதுப்புடவை கட்டிக்கொண்டிருந்தாள். எப்படி, ஏன் என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

பேச வேண்டுமே என்பதற்காக, கீரனூர்க் கோயிலில் பொட்டலம் எடுத்த பூசாரி யார் என்று சோலைமலை கேட்டார். பொன்னுத்துரை செம்பை எடுத்து வெகுநேரம் தண்ணீர் குடித்தார். பிறகு, இந்த வருஷம் கொய்யா காய்ப்பு நன்றாக இருக்கிறது என்றார்.

தட்டு மாற்றினால் மாற்றியதுதான். சாமி வேண்டாம் என்றதை மறைத்துப் பெண்ணைக் கொடுத்து, நாளைக்கு அந்த வீட்டில் ஒரு மாடு செத்தாலும் பழி அவள் தலையில் விழும். வாயைத் திறந்தாலோ இந்த இடமும் போயிற்று.

தட்டைத் தூக்குகிற நேரத்தில் சோலைமலை எழுந்தார். சரக்கைக் காட்டுகிறேன் என்று சொல்லிப் பொன்னுத்துரையை மட்டும் வீட்டுக்குப் பின்னாலிருந்த கிட்டங்கிக்கு அழைத்துப் போனார். துடைக்காத பெட்டி ஒன்றைத் திறந்தார். சுருட்டின் மேல் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"எங்க மேஸ்திரி சொன்ன பூ இதுதான். கோயில்ல எங்களுக்குச் செவப்பு விழுந்துச்சு. அன்னைக்கே எழுதாதது என் தப்பு. நீங்க தட்டை எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

பொன்னுத்துரை பெட்டிக்குள் கைவிட்டார். ஒரு சுருட்டை எடுத்துத் துண்டில் அழுத்தித் துடைத்தார். முகர்ந்தார். நுனியைக் கடித்துத் துப்பிவிட்டு, மூன்று குச்சி கிழித்து ஒருவழியாகப் பற்றவைத்தார். பிறகு போய்க் கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசுங்க சம்பந்தி. எங்களுக்கு மூணு தடவ போட்டும் செவப்புதானுங்க."