ஒரு சங்கு

அவர் விரல் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

நகராட்சிக்கு நூற்றைம்பது வயது. முப்பத்திரண்டு ஆண்டுகளாக ஊமையாகக் கிடந்த மின்சாரச் சங்கைத் துடைத்து, சாமந்தி மாலை போட்டு, கடைசியாக அதை ஊதியவரையே தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருந்தார்கள்.

"வெள்ளத்தன்று சங்கு ஊதி ஊரைக் காத்தவர்" என்றது ஒலிபெருக்கி.

காத்தவராம்!

நண்பகலுக்கு ஒரு சங்கு. ஆபத்துக்கு மூன்று. ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

அன்று பதினொன்றரைக்கு அணையிலிருந்து போன் வந்தது. ஓடிப்போய் அழுத்தினார். முதல் சங்கு முழங்கியது. இரண்டாவதற்குள் மின்சாரம் போய்விட்டது.

செத்த பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்.

மழை இருட்டில் யாருக்கு மணி தெரியும்? மேட்டில் இருந்த பஞ்சாலையிலிருந்து பெண்கள் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கினார்கள். ஆற்றங்கரைத் தெருவுக்கு.

அவர் மனைவி தைலம்மையும் இறங்கினாள். கடிகாரம் பார்க்கத் தெரியாதவள். சங்கு ஊதினால் வீட்டுக்கு ஓடிவந்து அவருக்கு இலை போடுவாள். அன்றும் போட்டிருப்பாள்.

'சங்கு ஊதிட்டான்' என்று ஒரு பேச்சு உண்டு. ஆளை ஒழித்துவிட்டான் என்று அர்த்தம். யாரும் அவர் முகத்துக்கு நேரே அதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

"அமுக்குங்க அண்ணாச்சி, நேரமாவுதுல்லா" என்ற கவுன்சிலர், அவர் விரல் மேலேயே தன் விரலை வைத்து அழுத்திவிட்டார்.

ஒரு சங்கு. அதே குரல்.

கைதட்டல் ஓய்ந்து கூட்டம் எழுந்தது. கீழே ஆற்றோர மண்டபத்தில் பிரியாணி தயார். பெண்கள் சேலையைத் தட்டிவிட்டுச் சரிவில் இறங்கத் தொடங்கினார்கள்.

அவர் செருப்பில்லாமல் ஓடினார். அவர்களுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"கீழ போவாதீய தாயி! இது சோத்துச் சங்கு இல்ல!"

சிலர் சிரித்தார்கள். பாவம், வயசாகிவிட்டது என்றார்கள். ஒரு போலீஸ்காரர் அவர் தோளைத் தொட்டு மெல்ல ஓரங்கட்டினார்.

வானம் வெளுத்துக் கிடந்தது. ஒரு பொட்டு மேகமில்லை.

கூட்டத்தில் ஒரு கிழவி இருந்தாள். அந்தப் பஞ்சாலையில் வேலை பார்த்தவள். அன்று தூக்குவாளியில் சோறு கொண்டு வந்திருந்ததால் வீட்டுக்குப் போகாமல் இருந்துவிட்டவள்.

இறங்க எடுத்துவைத்த காலை அவள் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

முன்னால் போன மகளின் முந்தானையையும் எட்டிப் பிடித்தாள்.