தீவுக்குப் போன சட்டை

“கழுத்து இறுக்குமோ?” என்று மூன்றாவது முறையாகக் கேட்டபடி, தான் பின்னிய கம்பளிச் சட்டையை மடித்தாள் மனைவி.

“அவரோட பழைய சட்டைய அளவு வச்சுத்தானே பின்னுன? கச்சிதமா இருக்கும்,” என்றான் கடற்படைக்காரன்.

“அது மட்டும் இல்லன்னா அந்தக் குளிர்ல உங்க உசுரு தங்கியிருக்குமா? அவரைக் கூப்பிட்டு ஒருவேளை சாப்பாடு போடணுங்க.”

“போட்டா ரெண்டு பேருக்குமே வேலை போயிடும்!”

மறுநாள் அந்த ஆளில்லாத தீவில் இறங்கினான். போன மாதம் படகு பழுதாகி அவன் மூன்று நாள் நடுங்கிக் கிடந்தது இங்கேதான். அந்தப் பழைய சட்டை கிடைத்தது கொடிக்கம்பத்தடியில் இருந்த தகரப் பெட்டியில்தான்.

கம்பத்தில் எதிரி நாட்டுக் கொடி பறந்தது. வழக்கம்போல அதை இறக்கி, தன் நாட்டுக் கொடியை ஏற்றினான். இறக்கியதைக் கசங்காமல் மடித்து, புதுச் சட்டையோடு பெட்டியில் வைத்தான்.

அடுத்த வாரம் அதை மறுபடி ஏற்ற வருகிறவருக்குக் கழுத்து இறுக்காமல் இருக்க வேண்டுமே என்று அவனுக்கும் கவலை வந்துவிட்டது.