மிருதுளாவின் ஆய்வு

என் மகள் மிருதுளாவின் இன்டர்நேஷனல் பள்ளியில் சேர்க்கும்போதே பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். குழந்தை கேட்கும் எந்தக் கேள்விக்கும் வீட்டில் நேரடியாகப் பதில் சொல்லக் கூடாது; அதுவாகவே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சொல்லிவிட்டால் அவள் மணிக்கட்டில் பள்ளி மாட்டிவிட்ட மின்னணுப் பட்டை கீச்சிடும், மதிப்பெண் குறையும்.

மழை ஏன் பெய்கிறது என்று கேட்டால்கூட, "நீ என்ன நினைக்கிறே?" என்பேன். பழகிவிட்டது.

ஆகஸ்டில் என் மனைவி கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். காரியமெல்லாம் முடிந்து என் தங்கை வீட்டிலிருந்து மிருதுளாவைக் கூட்டிவந்த அன்றே, "அம்மா எப்பப்பா வருவாங்க?" என்று கேட்டாள். எட்டு வயது அவளுக்கு. அந்த விதி அப்போது எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"நீ என்ன நினைக்கிறே?" என்றேன். பள்ளி விதி என்று சொல்லி உறவினர்கள் வாயையும் அடைத்தேன்.

நவம்பரில் பள்ளியில் ஆய்வுக் கண்காட்சி. மிருதுளாவின் சார்ட்டில் அம்மாவின் காய்ந்த டூத் பிரஷ், தூசி படிந்த செருப்பு இரண்டின் படங்களும், அத்தை அழுத தேதிகளும் இருந்தன. கீழே எழுதியிருந்தாள்: 'அம்மா இறந்துட்டாங்க.'

"ஆதாரமெல்லாம் கச்சிதம்" என்று டீச்சர் நட்சத்திரம் ஒட்டினார்.

காரில் ஏறியதும் மிருதுளா கேட்டாள்: "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

பட்டையைக் கழற்றி எறியத்தான் கையை நீட்டினேன். வாய் முந்திக்கொண்டது.

"நீ என்ன நினைக்கிறே?"

அதற்கப்புறம் அவள் என்னிடம் எதுவுமே கேட்பதில்லை.